ஜோவிட்டாவின் தோளில் இருந்த கை

உட்காருங்கம்மா. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்க. வீட்டைக் காட்டுகிறேன், காட்டாமல் என்ன. ஆனால் நீங்க வாசலிலேயே ஒன்று கேட்டீங்களே, போன மாதம் இந்தப் பக்கம் வந்தபோது 'வீடு வாடகைக்கு' என்று அட்டை தொங்கியது, மறுநாள் வந்தால் காணோம், இப்போது திரும்பவும் தொங்குகிறது, என்ன விஷயம் என்று. அதற்குப் பதில் சொல்லாமல் அறை அறையாகக் கூட்டிப் போய்க் காட்டினால் நன்றாக இருக்காது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்கிறீங்க, மாற்றலாகி வந்து பிள்ளைகளோடு லாட்ஜில் தங்கியிருக்கிறேன் என்கிறீங்க. உங்களிடம் மறைத்துப் பேச எனக்கு மனசு வராது.

அட்டையை மூன்று தடவை மாட்டினேன். இரண்டு தடவை கழற்றினேன். எல்லாம் ஒரு போட்டோவால்.

என் மகன் கிளமென்ட் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். மூத்தவள் மதுரையில் இருக்கிறாள், அவள் கதை இதில் இல்லை. கிளமென்ட்டுக்கு ஒரு பெண், ஜோவிட்டா, எட்டு வயது. மே மாதம் அவளுக்குப் புதுநன்மை வைத்தார்கள். நீங்க நம்ம கோயில்காரங்களா? இல்லையா, பரவாயில்லை. பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்குவதைத்தான் புதுநன்மை என்போம். வெள்ளை கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுவர்த்தி. பார்த்தால் குட்டிக் கல்யாணப்பெண் மாதிரி இருக்கும். அன்றைக்கு எடுக்கும் படத்தைச் சின்ன அட்டையாக அச்சடித்து, பின்பக்கம் ஒரு வேத வசனம் போட்டு, சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வோம். என் புத்தகத்தில் இதுவரை இருபது பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நானும் ஓசூர் போயிருந்தேன். பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். இடது ஓரம் என் மகன், நடுவில் குழந்தை, அவள் பக்கத்தில் மருமகள் ஜெசிந்தா, வலது ஓரம் ஜெசிந்தாவின் அம்மா புஷ்பம். என் சம்பந்தி. கிருஷ்ணகிரிக்காரர்கள். அவர்களைக் கூப்பிடவே வேண்டாம், போனைத் தூக்கும்போதே வந்து நின்றுவிடுவார்கள். குற்றமாகச் சொல்லவில்லை, அவர்கள் சுபாவம்.

நான் அப்படி முந்திக்கொண்டு போய் நிற்கிற ஆள் கிடையாது. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்க. மூன்று தடவை கூப்பிட்டால் நாலாவது தடவை போய் ஓரமாக நிற்பேன். அன்றைக்கும் அப்படித்தான். எல்லாருடைய கைப்பை, தண்ணீர் பாட்டில், குழந்தையின் பழைய செருப்பு, எல்லாம் என் தோளிலும் கையிலும் இருந்தன. யாரும் கொடுக்கவில்லை, நானாகத்தான் வாங்கி வைத்துக்கொண்டேன். குழந்தைக்குப் பின்னால் ஓரடி தள்ளி, மகன் பக்கமாக நின்றேன். ஜெசிந்தாவின் தம்பிதான் எடுத்தான். "அத்தை, இங்க பாருங்க" என்றான். நான் திரும்பிக் கோயிலுக்குள் பீடத்தைப் பார்த்து ஒரு அருள்நிறை மரியே ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் விடலாமா? கடைசியில் மனசு கேட்காமல் ஒரு கையை மட்டும் நீட்டிக் குழந்தையின் தோளில் வைத்தேன்.

அப்போதுதான் கிளமென்ட் சொன்னான், "அம்மா, ஜெஸி மாசமா இருக்கா. திண்டுக்கல்ல தனியா என்ன செய்யப்போறீங்க. வீட்ட வாடகைக்கு விட்டுட்டு இங்கயே வந்துடுங்க." நானும் ஊருக்கு வந்த கையோடு அட்டையை மாட்டினேன். அது முதல் தடவை.

ஜூன் முதல் வாரம் கூரியரில் ஒரு பொட்டலம் வந்தது. முப்பது அட்டை, இங்குள்ள சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கச் சொல்லி. சிலுவை போட்டுக்கொண்டு பிரித்தேன். நல்ல அட்டை, வழுவழுப்பான தாள். அன்றைக்கு வாசல் நிறையக் கூட்டம், படத்தில் ஒரு ஈ காக்கா இல்லை. சுவர் பளிச்சென்று இருக்கிறது, வானம் மாதாவின் சேலை மாதிரி நீலம். மகன் இருக்கிறான், மருமகள் இருக்கிறாள், சம்பந்தி இருக்கிறார்கள், குழந்தை இருக்கிறாள்.

நான் இல்லை.

ஆனால் என் கை இருந்தது. குழந்தையின் தோளில், மணிக்கட்டு வரைக்கும். அதற்குப் பின்னால் ஆளைக் காணோம், சுவர்தான். என் கைதானா என்று கேட்பீங்க. இதோ பாருங்க, குக்கர் ஆவி பட்ட தழும்பு. இதோ ஜெபமாலை மோதிரம். இரண்டும் படத்தில் அப்படியே இருந்தன.

நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வீட்டுச் சவரியம்மா வந்துவிட்டாள். ஒளித்துவைக்கக்கூட நேரமில்லை. அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அமலி, புள்ள தோள்ல யாரு கை இது?"

நான் என் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"பின்னால ஆளே இல்லையே. அமலி, இது காவல் சம்மனசுடி" என்று அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஒவ்வொருவரையும் காப்பதற்கு ஒரு சம்மனசு, அதாவது தேவதூதர், கூடவே நிற்பார் என்பது எங்கள் நம்பிக்கை. நானும் நம்புகிறவள்தான். அதற்காக என் கையையா? சாயந்திரத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் பூசை முடிந்து வெளியே வந்தால் பெண்கள் சுற்றி நிற்கிறார்கள், அட்டையைக் காட்டு, அட்டையைக் காட்டு என்று. ஒருத்தி மட்டும், "சம்மனசுக்கு எதுக்கு மோதிரம்?" என்று கேட்டாள். சவரியம்மா விடுவாளா. "ஏன், சம்மனசுன்னா ஒண்ணுமில்லாத வீட்டுப் புள்ளைங்களா?" என்றாள்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்க. அது என் கை என்று சொன்னால், உடனே, அப்போ மிச்சம் எங்கே என்று கேட்பார்கள். மருமகள் அழித்துவிட்டாள் என்று என் வாயால் சொல்ல முடியுமா? அதனால் முப்பது அட்டையையும் கொடுத்தேன். ஒவ்வொருத்தி கையிலும் என் கையைக் கொடுத்துவிட்டுச் சும்மா நின்றேன்.

ஜெசிந்தாவுக்குப் போன் செய்தேன். சண்டைக்கு இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"ஜெஸி, அட்டை வந்துச்சும்மா. நான் அன்னைக்கு வந்திருந்தேன்ல?"

"என்ன அத்தை இப்படிக் கேக்குறீங்க."

"இல்ல, படத்துல காணோமே, அதான் எனக்கே சந்தேகமாப் போச்சு."

படத்தை எடுத்துப் பார்த்திருப்பாள் போல. பிறகு, "ஐயோ அத்தை" என்றாள். "பின்னாடி கூட்டமா இருந்துச்சுன்னு அழிச்சேன். நிக்கிற வெளியாளுங்கள எல்லாம் போனே வட்டம் போட்டுக் காட்டும். 'எல்லாத்தையும் நீக்கு'ன்னு ஒரு தட்டு, அவ்வளவுதான். நீங்க பை எல்லாம் மாட்டிக்கிட்டு அந்தப் பக்கம் பாத்து நின்னீங்களா, அது உங்களையும் வெளியாளுன்னு நெனச்சிருச்சு. கை மட்டும் ஜோவிட்டா மேல இருந்துச்சா, அதை நம்ம கைன்னு விட்டுருச்சு. நான் கவனிக்கல அத்தை. படம்தானே, அடுத்த தடவ உங்கள நடுவுல நிக்க வச்சு எடுத்துக்கலாம்."

படம்தானேவாம். போனுக்கு என்னைத் தெரியாது, சரி, அது மிஷின். தட்டியவளுக்குத் தெரியாதா? அட்டை அடிக்கும் முன் ஒரு தடவை பார்க்கமாட்டார்களா?

பார்த்தது கிளமென்ட்தான். கடைக்குப் போய், சரி பார்த்து, அடிக்கச் சொன்னது அவன். அவன் பாவம், வேலைக்குப் போகிற அவசரத்தில் பார்த்திருப்பான். ஆம்பிளைப் பிள்ளைக்கு இதெல்லாம் கண்ணில் படுமா. அவனிடம், "அழிக்காத படம் இருந்தா அனுப்புடா" என்றேன். "போன்ல இடம் இல்லன்னு பழசையெல்லாம் அழிச்சிட்டேம்மா" என்றான். யார் அவனை அழிக்கச் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா.

அன்றைக்குத்தான் அட்டையைக் கழற்றினேன். வாசல் அட்டையைச் சொல்கிறேன். போட்டோவில் கூட இடம் இல்லாத வீட்டில் போய் எங்கே படுப்பது?

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் சந்தேகம்தான். ஜெசிந்தா மூன்று வருஷமாக அனுப்பிய படங்களையெல்லாம் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். பதினோரு படத்தில் நான் பாதிதான் இருக்கிறேன். ஒன்றில் முழங்கை. ஒன்றில் புடவை ஓரம். ஒன்றில் கதவுக்குப் பின்னால் அரை முகம். ஒன்றில் முழுசாக இருக்கிறேன், ஆனால் முதுகு. இத்தனையும் தற்செயலா? நீங்களே சொல்லுங்க.

அந்த நேரம் பார்த்து எங்கள் பங்குக் கோயிலில் சிஸ்டர்கள் பெண்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு ஆரம்பித்தார்கள். நாற்பது நாள், கோயில் மண்டபத்தில், மத்தியானம் இரண்டு மணிக்கு. முதல் பாதி டைப் அடிப்பது, அடுத்த பாதி போட்டோவைத் திருத்துவது. நான் எட்டாவது வரை படித்தவள். வயது அறுபத்திரண்டு. போய்ப் பெயர் கொடுத்தேன். சிஸ்டர், "அம்மா, உங்களுக்கு எதுக்கு?" என்றார். "தெரிஞ்சு வச்சுக்கலாம்னுதான் சிஸ்டர்" என்றேன். மாதா சொல்லித்தான் வந்தேன் என்று சொல்லவில்லை. ஆனால் அப்படித்தான் தோன்றியது.

சொல்லிக்கொடுத்த பெண் பெயர் லீமா. லீமா மிஸ் என்போம், என் மகளைவிடச் சின்னவள். பொறுமையான பெண். முதலில் ஓரத்தை வெட்டிப் படத்தைச் சின்னதாக்குவது. அப்புறம் வெளிச்சத்தைக் கூட்டுவது, குறைப்பது. பாஸ்போர்ட் படத்துக்குப் பின்னால் வெள்ளை போடுவது. பரீட்சைக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகளுக்காகப் படத்தின் கனத்தைக் குறைப்பது. எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். தப்பு செய்துவிட்டால் கண்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அழுத்தினால் போதும், செய்தது செய்யாததாகிவிடும். அதைக் கேட்ட அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து அதற்காகத் தனியாக ஒரு ஜெபம் சொன்னேன்.

அந்தப் பதினோரு படத்தையும் லீமா மிஸ்ஸிடம் காட்டினேன். எங்கே வெட்டியிருக்கிறது, கண்டுபிடித்துச் சொல்லு என்று. ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இது எதுவும் வெட்டினது இல்லம்மா. எடுத்ததே இப்படித்தான். நீங்க நகர்ந்து போயிட்டே இருந்திருக்கீங்க" என்றாள். சின்னப் பெண். குடும்பம் நடத்தினால்தானே இதெல்லாம் புரியும்.

ஜூலையில் கிளமென்ட் போன் செய்தான். குரல் ஒரு மாதிரி இருந்தது. ஜெஸிக்கு நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறதாம், எழுந்து நடமாடக் கூடாதாம், பிரசவம் வரைக்கும் படுத்தே இருக்கணுமாம். "வாங்கம்மா" என்றான். மகன் கேட்கும்போது மனசு கல்லாகவா இருக்கும். அட்டையை மாட்டினேன், இரண்டாவது தடவை. நீங்க முதலில் பார்த்தது அதுதான். மறுநாளே தெரிந்தது, புஷ்பம் ஏற்கெனவே அங்கே வந்து இறங்கிவிட்டார்கள் என்று. அம்மாக்காரி இருக்கும்போது நான் எதற்கு? கழற்றிவிட்டேன். அதோடு எனக்கு இன்னொன்றும் உறுத்தியது. நானும் மூன்று பெற்றவள், ஒன்று தங்கவில்லை, இரண்டு தங்கியது. ஒன்பதாம் மாதம் வரை அடிபம்பில் தண்ணீர் அடித்தேன். அப்போதெல்லாம் நஞ்சு கீழே, மேலே என்று யாரும் சொன்னதில்லை. படுத்துக்கொண்டே வேலை வாங்க ஒரு வழி என்று நினைத்தேன். வாயால் சொல்லவில்லை. மனசில் நினைத்தேன்.

வகுப்பு முடிகிற வாரம், ஆளுக்கு ஒரு படம் நாமாகச் செய்து காட்ட வேண்டும் என்றாள் லீமா மிஸ். நான் ஜோவிட்டாவின் படத்தைக் கொண்டுபோனேன். என்னை நானே திரும்ப வைக்கப் போகிறேன். மகளின் புதுவீட்டைச் சாமியார் வந்து மந்திரித்த அன்றைக்கு எடுத்த படம் ஒன்று இருந்தது. நான் நேராக நிற்கிற ஒரே படம். கிரீம் நிறப் பட்டு, இடது பக்கம் லேசாகத் திரும்பி, புன்னகையோடு. அதில் என்னைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டி எடுக்க இரண்டு நாள் ஆனது. ரவிக்கைத் துணி வெட்டுவது போலத்தான், ஓரம் பிசிறு தட்டக் கூடாது.

எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல். நான் நின்றது படத்தின் இடது பக்கம். அங்கே வைத்தால் குடும்பத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். "கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டுடலாம்மா" என்றாள் லீமா மிஸ். ஒரு தட்டுத் தட்டித் திருப்பினாள். பார்த்தால் முந்தானை வலது தோளில் கிடக்கிறது. வலது தோளில் முந்தானை போட்டுக்கொண்டு கோயில் வாசலில் நிற்பேனா நான்? பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? திருப்பவும் முடியாது, இடது பக்கம் வைக்கவும் முடியாது. வலது ஓரம் வைத்தால் மட்டும்தான் குழந்தையைப் பார்த்து நிற்பேன், பாந்தமாக இருக்கும்.

வலது ஓரத்தில் புஷ்பம் இருந்தார்கள்.

"அங்க ஒருத்தங்க நிக்கிறாங்களேம்மா" என்றாள் லீமா மிஸ்.

"அவங்க எல்லாப் படத்துலயும் இருக்காங்க மிஸ். ஒண்ணுல இல்லாட்டி ஒண்ணும் ஆகாது."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் என்ன செய்வேன், முந்தானைக்குத்தானே அப்படி ஆனது. வேண்டும் என்றா செய்தேன்?

ஸ்டாம்ப் என்று ஒரு கருவி இருக்கிறது. ஓர் இடத்தில் இருப்பதை எடுத்து இன்னோர் இடத்தில் ஒற்றி ஒற்றி மறைப்பது. முதலில் குழந்தையின் தோளில் இருந்த கையை எடுத்தேன். ஆளே வந்த பிறகு கை எதற்கு? பக்கத்திலிருந்து வெள்ளைத் துணியை எடுத்து ஒற்றினேன். ஒரு அருள்நிறை மரியே சொல்லி முடிப்பதற்குள் ஒரு விரல் போனது. ஐந்து சொன்னதில் கை சுத்தமாகப் போய்விட்டது. சம்பந்திக்கு முழு ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை சொல்ல வேண்டியிருந்தது. ஆள் கொஞ்சம் பருமன்.

முடித்ததும் லீமா மிஸ் வந்து பார்த்தாள். "எல்லாருக்கும் நிழல் இந்தப் பக்கம் விழுது, உங்களுக்கு மட்டும் அந்தப் பக்கம் விழுது. ஒரு சூரியன் போதலையாம்மா உங்களுக்கு?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நிழலை யார் பார்க்கப் போகிறார்கள்.

முப்பது பிரிண்ட் போட்டுப் பழைய அட்டைக்குப் பதிலாகக் கொடுக்கப் போனேன். ஒருத்தியும் பழையதைத் திருப்பித் தரவில்லை. "இதுல சம்மனசக் காணோமே" என்கிறாள் சவரியம்மா. "அதான் நான் இருக்கேன்ல" என்றேன். "நீ தெனமும்தான் இருக்க" என்று சொல்லிவிட்டுப் பழைய அட்டையைப் புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்து மூடிவிட்டாள்.

அது போகட்டும். படத்தை எங்கள் குடும்பக் குரூப்பிலும் போட்டேன். போன செவ்வாய்க்கிழமை காலையில். 'புதுநன்மைப் படம், சரி செய்தது' என்று எழுதிப் போட்டேன். ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மத்தியானம் புஷ்பமே போன் செய்தார்கள்.

"படம் பாத்தேன் சம்பந்தி. நல்லா வந்திருக்கு. நான் நின்ன எடம் கொஞ்சம் நெழலு. அதான் அங்க வந்து நின்னுட்டீங்க போல."

"வேற எடம் இல்ல சம்பந்தி. முந்தானை மாறிப்போகுது, அதான்."

"எடமா இல்ல? இந்தா, நானே காலி பண்ணிக் குடுத்துடுறேன். நெசமாவே வந்து நின்னுக்கோங்க. ஏழு வாரமா ரெண்டு வேளைச் சமையலும் பாத்ரூம் கூட்டிட்டுப் போறதும் நான்தான். அதையும் ஒரு படம் எடுத்து, என்னை அழிச்சிட்டு நீங்க நின்னுக்கோங்க."

வைத்துவிட்டார்கள். சாயந்திரம் ஜெசிந்தாவிடமிருந்து ஒரு வரி வந்தது, 'அம்மா ஊருக்குப் போயிட்டாங்க அத்தை' என்று. பாருங்க, ஒரு போட்டோவுக்கு இவ்வளவு கோபமா? படம்தானே. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா, கிளம்புவதற்கு அவர்கள் ஒரு சாக்கு தேடிக்கொண்டிருந்திருப்பார்கள், என் படம் கிடைத்தது. பழி என் தலையில். சனிக்கிழமைதோறும் சாமியாரிடம் பாவத்தையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறவள் நான். போன வாரம் சவரியம்மாவிடம் கோபப்பட்டதைச் சொன்னேன், ஜெபமாலையில் தூங்கியதைச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. இதில் என்ன பாவம் இருக்கிறது?

ஜெசிந்தா அப்புறம் மூன்று தடவை கூப்பிட்டாள். நான் எடுக்கவில்லை. அம்மாவுக்காகச் சண்டை பிடிக்கத்தான் கூப்பிடுகிறாள் என்று தெரியும். ஆனாலும் புதன்கிழமை அட்டையை மாட்டிவிட்டேன். போகாமல் இருக்க முடியுமா, யாருமில்லையே அங்கே. மாதா பிறந்தநாள் நவநாள் தொடங்குகிறது, ஒன்பது நாளும் நான்தான் முன்ஜெபம் சொல்ல வேண்டும். அது முடிந்து, செப்டம்பர் எட்டு தாண்டிப் போகலாம் என்று இருக்கிறேன். நீங்க பத்தாம் தேதி சாமான் இறக்கினால் சரியாக இருக்கும். வாங்க, சமையலறையிலிருந்து காட்டுகிறேன்.

என்னம்மா, எழுந்திருக்க மாட்டேன் என்கிறீங்க. ஜெஸிக்கு எத்தனை மாதமா? ஏழு முடிந்து எட்டு நடக்கிறது. ஆமாம், நஞ்சு கீழே என்றுதான் சொன்னான். கர்ப்பப்பை வாயை மூடியிருக்கிறதாம், ஸ்கேனில் அப்படித்தான் எழுதியிருக்கிறதாம். ரத்தமா? போன மாதம் ஒரு நாள் லேசாகப் பட்டது என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார்கள். எங்களுக்கெல்லாம்கூட அப்படி...

கூட யார் இருக்கிறார்கள் என்றால், கிளமென்ட் காலை ஷிப்ட், ஆறு மணிக்குக் கிளம்பினால் நாலு மணிக்கு வருவான். குழந்தை பள்ளிக்கூடம் போய்விடும். இப்போது மணி பதினொன்றா? இப்போது யாரும் இல்லை.

என்னம்மா சொல்றீங்க. திடீரென்று ரத்தம் கொட்டுமா? வலிகூட இல்லாமலா?

அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுமா?

இல்லை, நீங்க பயமுறுத்தச் சொல்லமாட்டீங்க. உங்களுக்கு என்ன, வீடு கிடைத்தால் போதும், அதற்காக இப்படி... இல்லை இல்லை, அப்படி நினைக்கவில்லை. மன்னிச்சுக்கோங்க. எனக்கு என்னவோ வாயில் வந்துவிடுகிறது.

நான் இப்போதே பஸ் ஏறினாலும் ஆறேழு மணி நேரம் ஆகும். கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு மணி நேரம்தான். ஆமாம், நீங்க சொல்வது சரி. அவர்களுக்குத்தான் பண்ணணும். நம்பர் இருக்கிறது. இருங்க, எதையோ தட்டிவிட்டேன், வேறென்னவோ வருகிறது. நீங்களே அழுத்துங்க. 'சம்பந்தி' என்று இருக்கும். ஸ்பீக்கரில் போடுங்க.

"சொல்லுங்க சம்பந்தி."

"சம்பந்தி, நான் செஞ்சதுக்கு என்னை என்ன வேணா பேசிக்கோங்க. ஜெஸி தனியா இருக்கா. இங்க ஒரு நர்ஸம்மா இருக்காங்க, தனியா விடவே கூடாதுங்கிறாங்க. நான் வர்றதுக்குச் சாயந்திரம் ஆகும். நீங்க உடனே பஸ் ஏறுங்க. உங்க காலைப் புடிச்சுக் கேக்குறேன்."

"எங்க இருந்து ஏறச் சொல்றீங்க?"

"கிருஷ்ணகிரில இருந்துதான்."

"நான் புதன்கிழமையே திரும்பி வந்துட்டேன். ஒரு நாள் கோவம், அதுக்கு மேல இங்க யாரு பாக்குறது? உங்ககிட்ட சொல்லணும்னுதான் ஜெஸி மூணு தடவ கூப்பிட்டா. எடுத்தாத்தானே. இந்தா, பக்கத்துலதான் படுத்திருக்கா. குடுக்கவா?"

"வேண்டாம். தூங்கட்டும்."

"எங்க தூங்குறா. நீங்க பேசுறதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கா."

நர்ஸம்மா, கொஞ்சம் தண்ணீர் எடுங்க, அந்தச் செம்பில் இருக்கும்.

"சம்பந்தி, நான் இன்னைக்கே கிளம்பி வர்றேன். நீங்க ஒத்த ஆளாப் பாக்க வேண்டாம்."

"வாங்க. எனக்கும் இடுப்பு விட்டுப்போச்சு. ராத்திரிக்கு உங்களுக்கும் சேத்து உப்புமா கிண்டி வைக்கிறேன். அப்புறம் வரும்போது சிறுமலை வாழைப்பழம் வாங்கிட்டு வாங்க. ஜெஸி ஆசையாக் கேக்குறா."

வைத்துவிட்டார்கள்.

இந்தாங்கம்மா சாவி. பத்தாம் தேதி வரைக்கும் எதற்கு, நாளைக்கே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்க. வீட்டை நீங்களே சுற்றிப் பார்த்துக்கோங்க. மாதா படத்துக்கு முன்னால் விளக்கு எரிகிறது, எண்ணெய் இருக்கிறவரை எரியட்டும், அணைக்க வேண்டாம். நவநாளுக்கு முன்ஜெபத்தைச் சவரியம்மா சொல்லட்டும், சொல்லிவிடுங்க. என் பை அந்த அலமாரிமேல் இருக்கிறது, கொஞ்சம் எடுத்துத் தாங்க.

ஜெஸி வாழைப்பழத்தைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. அவள் கேட்கிறாளா, இல்லை புஷ்பம் தனக்காகக் கேட்கிறார்களா, யாருக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டு வாசலிலேயே விற்பார்கள். இரண்டு சீப்பாக வாங்கிக்கொள்கிறேன்.